கூடவே படிக்க ஒருவர், பிடித்ததைக் கொடுக்க ஒருவர்

ஒரு நாவலின் நடுவில் இருக்கிறோம். 180-ஆவது பக்கத்தில், அதுவரை கதை சொல்லிக்கொண்டு வந்தவன் சொன்னதில் பாதி பொய் என்று தெரியவருகிறது. புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு, இதை இப்போதே யாரிடமாவது சொல்லியாக வேண்டும் போல இருக்கிறது. நாளைக்குச் சொன்னால் அது வேறு பேச்சு. அதற்குள் 240-ஆவது பக்கத்துக்குப் போயிருப்போம், அந்தத் திகைப்பும் பழகிப்போயிருக்கும்.

அதே அலமாரியில் பதினைந்து வருடங்களுக்கு முன் படித்த ஒரு சிறுகதைத் தொகுப்பும் இருக்கிறது. அதைப் பற்றிப் பேச எந்த அவசரமும் இல்லை. ஆனால் அது சரியான ஒருவர் கைக்குப் போய்ச் சேர வேண்டும் என்ற ஆசை மட்டும் குறையவே இல்லை.

இரண்டையும் ‘புத்தகத்தைப் பகிர்வது’ என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம். படித்துக்கொண்டிருக்கும் புத்தகத்துக்குக் கூடவே நடக்கிற ஒருவர் வேண்டும். பிடித்த புத்தகத்துக்கு அதை வாங்கிக்கொள்கிற ஒருவர் வேண்டும். பல வருடங்கள் நான் இரண்டுக்கும் ஒரே இடத்தைத் தேடினேன், ஒவ்வொரு இடத்திலும் ஏதோ ஒன்று குறைவதாகத் தோன்றி விலகிக்கொண்டே இருந்தேன். இப்போது யாராவது “என் வாசிப்பைப் பற்றிப் பேச நல்ல வழி எது?” என்று கேட்டால், “முடித்த புத்தகத்தைப் பற்றியா, பாதியில் இருக்கிற புத்தகத்தைப் பற்றியா?” என்றுதான் முதலில் கேட்கிறேன்.

வாசிப்புச் செயலிகள், கைபேசிக் குழுக்கள், நேரில் கூடும் வாசகர் வட்டம், இரவல், அப்புறம் ஒரே ஒரு நண்பரோடு சேர்ந்து படிப்பது. இந்த எல்லாவற்றிலும் நான் இருந்திருக்கிறேன். சிலவற்றில் இன்னும் இருக்கிறேன்.

செயலி என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது குட்ரீட்ஸ். 2007-இல் தொடங்கியது, 2013-இல் அமேசான் அதை வாங்கியது. படித்தவை, படித்துக்கொண்டிருப்பவை, படிக்க நினைப்பவை என்ற மூன்று அலமாரிகள்தான் அதன் அடிப்படை. எத்தனையாவது பக்கத்தில் இருக்கிறோம் என்று குறிக்கலாம், கூடவே ஒரு வரி எழுதலாம். 180-ஆவது பக்கத்துத் திகைப்பைச் சொல்ல இதைவிட நல்ல இடம் கிடையாது என்று முதலில் நினைத்தேன். ஆனால் நான் அந்தப் பக்கத்தில் இருக்கும் நாளில், என் பட்டியலில் உள்ள நண்பர்கள் யாரும் அந்தப் புத்தகத்துக்குள் இருப்பதில்லை. நாலைந்து விருப்பக்குறிகள் வரும். நான் எதிர்பார்த்தது “அய்யோ, அந்த இடமா!” என்ற ஒரு பதிலை. அது வராது, வருவதற்கு வழியும் இல்லை.

நட்சத்திரங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். குட்ரீட்ஸில் முழு நட்சத்திரம்தான், அரை கிடையாது. இரண்டு நட்சத்திரம் என்றால் ‘பரவாயில்லை’, மூன்று என்றால் ‘பிடித்தது’ என்று அந்தத் தளமே பொருள் வைத்திருக்கிறது. நம்மில் பலர் மூன்றைப் பார்த்தால் ‘சுமார்’ என்றுதான் எடுத்துக்கொள்கிறோம். கொடுப்பவர் ஒன்றை நினைத்துக் கொடுக்கிறார், பார்ப்பவர் வேறொன்றாகப் புரிந்துகொள்கிறார். என்னை உலுக்கிய, ஆனால் எனக்குப் பிடிக்காத ஒரு நாவலுக்கு எத்தனை நட்சத்திரம் போடுவது என்று ஒரு மாலை முழுக்க யோசித்துக் கடைசியில் ஒன்றும் போடாமல் விட்டேன். பிடித்த புத்தகத்தைப் பற்றி நாம் சொல்ல வேண்டியது எத்தனை என்பது இல்லை. அது நம்மை என்ன செய்தது, யாருக்கு அது பொருந்தும், யாருக்குப் பொருந்தாது, இவைதான்.

வருடத்துக்கு இத்தனை புத்தகம் என்று வைத்துக்கொள்ளும் இலக்கு இன்னொரு விஷயம். ஒரு வருடம் 50 என்று வைத்தேன். அக்டோபரில் பின்தங்கியிருப்பதாகத் திரை காட்டியது. அன்றிலிருந்து டிசம்பர் வரை மெல்லிய புத்தகங்களாகவே தேடி எடுத்தேன். 800 பக்க நாவல் ஒன்று, நான் ஆசையாக வாங்கி வைத்தது, மேசையிலேயே கிடந்தது. இலக்கை எட்டினேன். அந்த மூன்று மாதங்களில் படித்தவற்றில் இரண்டின் பெயர்தான் இன்று நினைவிருக்கிறது. இலக்கு சிலருக்கு நல்ல உந்துதலாக இருக்கிறது, அதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் நான்கு பேர் பார்க்கிற இடத்தில் எண்ணிக்கை ஓடிக்கொண்டிருந்தால், அடுத்து எதை எடுக்கிறோம் என்பதிலேயே அது கை வைத்துவிடுகிறது.

ஸ்டோரிகிராஃப் என்ற செயலி இதில் கொஞ்சம் வேறு. நாடியா ஒடுனாயோ என்ற மென்பொருள் பொறியாளர் 2019-இல் கட்டத் தொடங்கியது. கால் நட்சத்திரம் வரை கொடுக்கலாம், புத்தகத்தின் மனநிலை, வேகம் என்று குறித்து வைக்கலாம், பாதியில் விட்டதைப் பாதியில் விட்டது என்றே பதியலாம். எனக்கு முக்கியமாகப் பட்டது அதன் கூட்டு வாசிப்பு. 15 பேர் வரை ஒரே புத்தகத்தைச் சேர்ந்து படிக்கலாம். ஒருவர் 180-ஆவது பக்கத்தில் எழுதிய குறிப்பு, நாம் அந்த இடத்துக்கு வரும் வரை திறக்காது. படித்துக்கொண்டிருக்கும் புத்தகத்துக்கு என்ன தேவை என்று யாரோ உட்கார்ந்து யோசித்துச் செய்த ஏற்பாடு அது. ஆனால் அந்த மற்றவர்களை நீங்கள்தான் கூட்டிவர வேண்டும்.

லைப்ரரிதிங் என்ற பட்டியல் தளம் 2005 முதல் இருக்கிறது, 2020 முதல் எத்தனை புத்தகம் சேர்த்தாலும் இலவசம். நூலகங்களின் அட்டவணைகளிலிருந்து விவரம் எடுப்பதால் ஒழுங்காகப் பட்டியல் போட விரும்புகிறவர்களுக்கு ஏற்றது. எந்தச் செயலியாக இருந்தாலும், ஆங்கிலம் அல்லாத புத்தகங்கள் நிறையப் படிக்கிறவர்கள் ஒன்றுக்குத் தயாராக இருக்க வேண்டும். ஒரே நாவல் தமிழ் எழுத்தில் ஒரு பதிவாகவும், ஆங்கில எழுத்தில் இரண்டு மூன்று விதமான உச்சரிப்புகளிலும் சிதறிக் கிடக்கும். அதைப் படித்த பத்துப் பேர் நான்கு பதிவுகளில் பிரிந்து நிற்பார்கள், ஒருவர் எழுதியது இன்னொருவர் கண்ணில் படாது. ஐ.எஸ்.பி.என். என்ற புத்தக அடையாள எண் இல்லாத பழைய பதிப்புகள் என்றால் நாமேதான் கையால் சேர்க்க வேண்டும்.

இவ்வளவு சொன்ன பிறகும் செயலியில் கணக்கை நான் வைத்திருக்கிறேன். அது என் நினைவுக்கு. எந்த வருடம் எதைப் படித்தேன், எங்கே விட்டேன் என்பதற்கு அதைவிட நல்ல இடம் எனக்கு அமையவில்லை. குட்ரீட்ஸ் பட்டியலை ஒரு கோப்பாக இறக்கிக்கொள்ளலாம், ஸ்டோரிகிராஃப் அதை அப்படியே ஏற்றுக்கொள்ளும். வருடத்துக்கு ஒரு முறை அந்தக் கோப்பை இறக்கி வைத்துவிடுங்கள். பத்து வருட வாசிப்பு ஒரு நிறுவனத்தின் கணினியில் மட்டும் இருக்கக் கூடாது.

அடுத்தது வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்கள். படித்துக்கொண்டிருப்பதைச் சொல்ல மிகச் சுலபமான இடம், எல்லோர் கையிலும் ஏற்கெனவே இருக்கிறது. ஒரு வாட்ஸ்அப் குழுவில் 1,024 பேர் வரை சேரலாம். சேர்க்காதீர்கள். நான் இருந்த ஒரு குழு இருபது பேராக இருந்தபோது தினமும் பேச்சு நடந்தது. யார் எதைப் படிக்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும், “அந்த மூன்றாவது அத்தியாயம் தாண்டிட்டீங்களா?” என்று விசாரிப்பார்கள். முந்நூறு பேரானதும் காலை வணக்கங்களும் வேறெங்கோ இருந்து வந்த செய்திகளும் மேலே வந்து குவிந்தன. நல்லதாக ஒருவர் நாற்பது வரி எழுதியது ஒரு மணி நேரத்தில் மேலே ஓடிப்போனது. அதற்குப் பிறகு அவர் எழுதவே இல்லை.

இங்கேதான் ஒருமுறை, நான் கடைசி நூறு பக்கங்களில் இருந்த ஒரு துப்பறியும் நாவலின் முடிவை ஒருவர் ஒரே வரியில் போட்டுவிட்டார். அவருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. உற்சாகம்தான் காரணம். அதன் பிறகு நாங்கள் சிலர் பிரிந்து ஒரு சின்னக் குழு வைத்துக்கொண்டோம். அதில் ஒரே ஒரு வழக்கம்: எந்தச் செய்தியாக இருந்தாலும் ‘பக்கம் 130 வரை’ என்று முதல் வரியில் போட்டுவிட்டு, சில வரிகள் இடம் விட்டு, பிறகு எழுத வேண்டும். டெலிகிராமில் இருப்பவர்களுக்கு இன்னும் வசதி, சொற்களை மறைத்து அனுப்பலாம், தொட்டால்தான் தெரியும். இந்தச் சின்ன ஒழுங்கு அந்தக் குழுவை மூன்று வருடம் காப்பாற்றியது.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். புத்தகக் குழு என்ற பெயரில் பல இடங்களில் நடப்பது பி.டி.எஃப். பரிமாற்றம். காப்புரிமை உள்ள புத்தகத்தை ஸ்கேன் செய்து ஆயிரம் பேருக்கு அனுப்புவதைப் பகிர்தல் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. எழுதியவருக்கும் பதிப்பித்தவருக்கும் சேர வேண்டியது சேராமல் போகிறது. இன்னொரு நஷ்டமும் உண்டு. அப்படி வந்த ஐந்நூறு கோப்புகளைத் தரவிறக்கி வைத்திருக்கிறவர்கள் அதில் ஐந்தைக்கூடத் திறப்பதில்லை. நாம் சேரும் குழு அப்படிப்பட்டதா என்று முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். வெளியே வந்துவிடுவது நல்லது.

வாசகர் வட்டம் என்றால் ஒரே புத்தகத்தை எல்லோரும் படித்துவிட்டு வந்து பேசுவது. இதற்குப் பெரிய அளவில் முன்னுதாரணங்கள் உண்டு. ஓப்ரா வின்ஃப்ரே 1996-இல் தன் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் புத்தக வட்டம் ஆரம்பித்தார். அவர் தேர்ந்தெடுத்த புத்தகத்தை ஒரே சமயத்தில் லட்சக்கணக்கானோர் படித்தார்கள். 1998-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் நூலகர் நான்சி பேர்ல் முன்னின்று, ஊர் முழுவதும் ஒரே புத்தகத்தைப் படிக்கும் திட்டம் தொடங்கியது. பிறகு பல ஊர்கள் அதை எடுத்துக்கொண்டன. ஒரே புத்தகம் என்றால் பேச்சு ஆழமாகப் போகும். நான் ரசித்த ஒரு பாத்திரத்தை இன்னொருவர் வெறுத்திருப்பார், அதற்கு அவர் வாழ்க்கையில் ஒரு காரணம் இருக்கும், அதைக் கேட்ட பிறகு அந்தப் புத்தகம் எனக்கே வேறாகத் தெரியும். எட்டுப் பத்துப் பேர் இருந்தால் எல்லோரும் பேசலாம். அதற்கு மேல் போனால் மூன்று பேர் பேசுவார்கள், மற்றவர்கள் கேட்பார்கள். “பிடித்ததா?” என்று ஆரம்பிக்கும் கூட்டம் சீக்கிரம் முடிந்துவிடும். “எந்த இடத்தில் புத்தகத்தைக் கீழே வைத்தீர்கள்?” என்று கேட்டுப் பாருங்கள். ஒருவர் அழுகை வந்த இடத்தைச் சொல்வார், இன்னொருவர் அலுப்புத் தட்டிய இடத்தைச் சொல்வார். இரண்டும் ஒரே பக்கமாக இருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

வட்டத்துக்கு எந்தப் புத்தகத்தைக் கொண்டுபோவது என்பதில் நான் பட்டுத் தெரிந்துகொண்டது ஒன்று உண்டு. முதலில் சொன்ன அந்தச் சிறுகதைத் தொகுப்பை ஒரு மாதம் நான் முன்மொழிந்தேன். வந்தவர்கள் நேர்மையாகப் பேசினார்கள். “மொழி நன்றாக இருக்கிறது, கதைகள் எங்கேயும் போகவில்லை” என்றார் ஒருவர். அவர் சொன்னதில் தவறே இல்லை. ஆனால் என் இருபதுகளின் கடினமான ஒரு வருடத்தில் என்னைத் தாங்கிப் பிடித்த புத்தகம் அது. என்னால் பேச முடியவில்லை. அன்று நான் ஒரு விமர்சனத்தைக் கேட்டுக்கொண்டிருக்கவில்லை, என்னைப் பற்றிய தீர்ப்பைக் கேட்டுக்கொண்டிருந்தது போல இருந்தது. அதற்குப் பிறகு நான் வட்டத்துக்குக் கொண்டுபோவது, பிடித்ததா இல்லையா என்று எனக்கே தீர்மானமாகாத புத்தகங்களைத்தான். அவற்றுக்கு வட்டத்தைப் போல உதவும் இடம் வேறில்லை. உயிருக்கு உயிரான புத்தகத்தைப் பத்துப் பேர் நடுவில் வைக்க வேண்டாம்.

எல்லோரும் ஒரே புத்தகம் என்பது ஒத்துவராதவர்களுக்கு இன்னொரு வடிவம் இருக்கிறது. 2012-இல் இரண்டு தோழிகள் தொடங்கிய ‘சைலன்ட் புக் கிளப்’ இன்று பல நாடுகளில் நடக்கிறது. அவரவர் படித்துக்கொண்டிருக்கும் புத்தகத்தோடு வருவார்கள், ஒரு மணி நேரம் அமைதியாகப் படிப்பார்கள். விருப்பம் இருந்தால் முன்னும் பின்னும் பேசலாம், இல்லையென்றால் வேண்டாம். கூச்சம் உள்ளவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். பேச வேண்டிய கட்டாயம் இல்லாத இடத்தில், அடுத்த நாற்காலிக்காரர் கையில் இருக்கும் அட்டையைப் பார்த்துத் தானாகப் பேச்சு வருகிறது.

சரி, அந்தப் பிடித்த புத்தகத்தை என்னதான் செய்வது? இரவல் கொடுக்க வேண்டும். ஒரே ஒருவருக்கு, அவரை நினைத்து.

முகம் தெரியாதவருக்குக் கொடுக்கவும் வழிகள் உண்டு. 2001-இல் தொடங்கிய ‘புக்கிராசிங்’கில், புத்தகத்துக்கு ஒரு எண் வாங்கி ஒட்டி, பொது இடத்தில் வைத்துவிட்டு வந்துவிடலாம். எடுத்தவர் அந்த எண்ணைப் பதிந்தால் அது எங்கே பயணம் போயிருக்கிறது என்று தெரியும். 2009-இல் டாட் போல் என்பவர், ஆசிரியராக இருந்த தன் தாயின் நினைவாக, பள்ளிக்கூட வடிவில் ஒரு மரப்பெட்டி செய்து வீட்டு முன் வைத்துப் புத்தகங்களை நிரப்பினார். ‘லிட்டில் ஃப்ரீ லைப்ரரி’ என்ற அந்தப் பெட்டிகள் 1 லட்சத்தைத் தாண்டிப் பெருகிவிட்டன. படித்து முடித்து, இனி எடுக்க மாட்டோம் என்று தெரிந்த புத்தகங்களுக்கு இவை அருமையானவை. ஆனால் பிடித்த புத்தகத்தை அப்படி விட எனக்கு மனம் வரவில்லை. அது யாரிடம் போனது என்று தெரிய வேண்டும் என்ற ஆசை எனக்கு இருக்கிறது.

தெரிந்தவருக்குக் கொடுக்கும்போது நான் செய்வது இதுதான். உள்ளே ஒரு துண்டுச் சீட்டு வைப்பேன். கதைச் சுருக்கம் இருக்காது. ‘இரண்டாவது கதையில் ஆரம்பியுங்கள், முதல் கதை கொஞ்சம் மெதுவாகப் போகும்’ என்றோ, ‘உங்கள் அப்பாவைப் பற்றி நீங்கள் சொன்னது இந்த 64-ஆவது பக்கத்தில் நினைவுக்கு வந்தது’ என்றோ இருக்கும். இதை ஆயிரம் பேருக்கு எழுத முடியாது, அதனால்தான் இதற்கு மதிப்பு. கொடுத்த பிறகு “படிச்சாச்சா?” என்று கேட்க மாட்டேன். கேட்டால் அது கடனாகிவிடும், பிறகு அவர் நம்மைப் பார்த்தாலே தயங்குவார். திரும்பி வராது என்றே வைத்துக்கொண்டு, மிகவும் பிடித்த புத்தகங்களில் இரண்டு பிரதிகள் வைத்திருக்கிறேன். என் பென்சில் அடிக்கோடுகள் உள்ள பிரதி எங்கேயும் போகாது. ஒருமுறை இரவலாகப் போன பிரதி இரண்டு வருடம் கழித்து வேறொருவரின் அடிக்கோடுகளோடு திரும்பி வந்தது. நான் கவனிக்காமலே தாண்டிப்போன ஒரு வரியின் கீழ் அவர் அழுத்திக் கோடு போட்டிருந்தார். அன்றிரவு அந்தக் கதையைத் திரும்பப் படித்தேன். மின்னூலில் இந்தச் சுகம் பெரும்பாலும் கிடையாது, வாங்கிய கணக்கோடு அது கட்டப்பட்டுக் கிடக்கிறது. மின்னூலே படிக்கிற நண்பருக்கு அந்தச் சீட்டில் எழுதுவதைச் செய்தியாக அனுப்பலாம், பாதிப் பலனாவது இருக்கும்.

இனி என் மனதுக்கு மிக நெருக்கமானதற்கு வருகிறேன். படித்துக்கொண்டிருக்கும் புத்தகத்துக்கு, ஒரே ஒரு நண்பரோடு சேர்ந்து படிப்பதைப் போல வேறொன்று இல்லை. இருவரும் ஒரே புத்தகத்தை எடுக்கிறோம். வாரத்துக்கு 50 பக்கம் என்று பேசி வைத்துக்கொள்கிறோம். ஞாயிற்றுக்கிழமை குரல் செய்தி. எங்கே சந்தேகம் வந்தது, அடுத்து என்ன ஆகும் என்று நினைக்கிறேன், எந்த வரியை இரண்டு முறை படித்தேன், அவ்வளவுதான். தவறாக ஊகிப்பதில் ஒரு தனி இன்பம் இருக்கிறது, முடித்தவரிடம் அது வாய்க்காது. முடித்தவர் சிரித்துக்கொண்டு “படிங்க, படிங்க” என்பார். கூடப் படிப்பவர் நம்மோடு சேர்ந்து தவறாக ஊகிப்பார்.

பாதியில் விடுவதும் இருவர் என்றால் எளிது. நான்சி பேர்ல் சொன்ன ஒரு கணக்கு பிரபலம்: 50 பக்கம் படியுங்கள், பிடிக்கவில்லையென்றால் விட்டுவிடுங்கள். வயது 50-ஐத் தாண்டியவர்கள் 100-இலிருந்து தம் வயதைக் கழித்து, வரும் எண்ணிக்கையில் பக்கம் படித்தால் போதும். நாங்கள் முதல் வாரத்தை அந்தச் சோதனைக்கே வைத்துக்கொள்கிறோம். இருவரில் ஒருவருக்கு ஒட்டவில்லை என்றால் மற்றவர் தனியாகத் தொடர்வார், புதிதாக வேறொன்றைச் சேர்ந்து எடுப்போம். பொது இடத்தில் ‘படித்துக்கொண்டிருக்கிறேன்’ என்று போட்டுவிட்டால் இப்படி விடுவதற்கு ஏதோ விளக்கம் கொடுக்க வேண்டியிருப்பது போல ஓர் உறுத்தல் இருக்கும்.

இதற்கும் பலவீனம் உண்டு. அந்த ஒருவருக்கு வேலை அதிகமானால், உடம்பு சரியில்லாமல் போனால், எல்லாம் நின்றுவிடும். எங்களுக்கு ஒருமுறை ஐந்து மாதம் நின்றது. இருவர் ரசனையும் மெல்ல ஒன்றாகிப்போகும் ஆபத்தும் இருக்கிறது. அதற்குத்தான் வட்டத்தை நான் விடவில்லை, நான் தானாக எடுக்கவே மாட்டாத புத்தகங்கள் அங்கிருந்துதான் வருகின்றன.

இப்போதுதான் ஆரம்பிக்கிறவர் என்றால், செயலியையோ பெரிய குழுவையோ தேடிப் போவதற்கு முன், தெரிந்தவர்களில் யார் எதையாவது படித்துக்கொண்டிருக்கிறார் என்று பாருங்கள். ஒருவர் போதும். 200 பக்கத்துக்குள் ஒரு புத்தகம், மூன்று வாரம். சுற்றிலும் அப்படி எவருமே இல்லை என்றால் அமைதி வாசிப்புக் கூட்டம், அது அருகில் இல்லையென்றால் ஸ்டோரிகிராஃபின் கூட்டு வாசிப்பு. நிறையப் படித்து, எதைப் படித்தோம் என்பதே மறந்துபோகிறவருக்குச் செயலி உடனடித் தேவை, ஆனால் இலக்கு எண்ணை வைக்காமல் தொடங்குங்கள். மனதுக்கு மிகவும் பிடித்த ஒரு புத்தகத்தோடு தனியாக இருக்கிறவர் அதை எங்கேயும் அறிவிக்க வேண்டாம். ஒருவர் பெயரை நினைத்து, ஒரு சீட்டு எழுதி, உள்ளே வையுங்கள்.

அந்த 800 பக்க நாவலை நாங்கள் இருவரும் ஜனவரியில் எடுத்தோம். இந்த வாரம் 412-இல் இருக்கிறேன். அவர் முன்னால் போய்விட்டார் என்று நினைக்கிறேன். நேற்றிரவு அவரிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்திருக்கிறது, மேலே ‘பக்கம் 450 வரை’ என்று எழுதி. இன்னும் கேட்கவில்லை, 38 பக்கம் பாக்கி இருக்கிறது.